ஸ்பானிய மொழிக் கல்வியும் வரலாற்றுப் பயனும்

அயல்மொழியொன்றைக் கற்பதனால் வரும் பயன் யாது என்னும் வினா பள்ளிக்கூடங்களில் அடிக்கடி எழுவதொன்றாகும். மாணவர் வினாவுவர், பெற்றோரும் வினாவுவர். ஸ்பானிய மொழியைக் குறித்து இவ்வினா எழுமாயின் மறுமொழி கூறுதல் எளிது. ஸ்பானியா உட்பட 20 நாடுகளில் அஃது அரசகரும மொழியாக விளங்குகின்றது. ஏறத்தாழ 50 கோடி மக்கள் அதனைத் தாய்மொழியாகப் பேசுகின்றனர். ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு உத்தியோக மொழிகளுள் அதுவும் ஒன்று. மெக்சிக்கோவின் வட எல்லை தொடக்கம் தென்னமெரிக்காவின் தென்முனை வரை, பிரேசில் முதலிய சில நாடுகள் நீங்கலாக, அம்மொழி ஒன்றையே துணையாகக் கொண்டு ஒருவன் பயணஞ் செய்யலாம். வணிகம், உத்தியோகம், பயணம் என்னும் மூன்று துறையிலும் அதன் பயன் வெளிப்படை.

ஆயின், வரலாறு பயில்வோன் இவ்வளவில் அமைதி கொள்ளான். ஒரு மொழி யாரால், யாருக்கு, எந்நோக்கத்தோடு கற்பிக்கப்பட்டது என்பதும், கற்றவர் அதனைக் கொண்டு என் செய்தனர் என்பதும் அவன் ஆராய்தற்குரியன. அவ்வாறு ஆராயுமிடத்து, ஸ்பானிய மொழியைக் கற்பதன் பயனைப் பற்றிய வினா மிகப் பழமையானது என்பதும், அதனை முதன்முதல் வினாவியோருள் ஸ்பானிய நாட்டு அரசியே ஒருத்தி என்பதும் புலனாகின்றன. அவ்வினாவுக்கு அன்று கூறப்பட்ட விடை ஒன்று. பின்வந்த ஐந்து நூற்றாண்டு வரலாறு கூறும் விடை வேறொன்று. இவ்விரண்டனையும் ஒப்புநோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கி. பி. 1492ஆம் ஆண்டு ஸ்பானிய வரலாற்றில் ஒரு திருப்பமாக அமைந்தது. அவ்வாண்டு சனவரி 2ஆம் நாள், அந்நாட்டில் எஞ்சியிருந்த முஸ்லிம் அரசாகிய கிரானடா வீழ்ந்தது. ஆகஸ்ட் 3ஆம் நாள் கொலம்பஸ் மூன்று கப்பல்களோடு மேற்குத் திசை நோக்கிப் புறப்பட்டான். அவன் கனேரித் தீவுகளில் தங்கியிருந்த காலத்தில், ஆகஸ்ட் 18ஆம் நாள், சலமன்கா நகரில் ஒரு நூல் அச்சேறியது. அந்தோனியோ தே நெப்ரிஹா என்னும் பேரறிஞர் இயற்றிய காஸ்தீலிய மொழி இலக்கணமே அந்நூல். ஸ்பானியாவின் நடுநாடாகிய காஸ்தீலின் மொழியே பின்னர் ஸ்பானிய மொழி எனப் பெயர் பெற்றது. தொல்காப்பியத்தைப் பண்டே பெற்ற நமக்குத் தாய்மொழிக்கு இலக்கணம் எழுதுதல் ஒரு புதுமையாகத் தோன்றாது. அன்றைய ஐரோப்பாவிலோ இலக்கணம் என்றாலே இலத்தீன் இலக்கணம் என்பதே வழக்கு. மக்கள் நாவிற் பயிலும் மொழிக்கும் விதிகள் உண்டு, அவற்றைத் தொகுத்தெழுதுதல் தகும் என நெப்ரிஹா எண்ணியது ஒரு பெரும் புதுமையே.

அந்நூலின் முன்னுரையில் அவர் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகின்றார். நூலின் மாதிரியை இசபெல்லா அரசியிடம் காட்டியபோது, இதனால் விளையும் பயன் யாது என அரசி வினாவினாள். தன் தாய்மொழியைத் தான் முன்னரே அறிந்திருக்க அதற்கு இலக்கணம் எற்றுக்கு என்னும் ஐயம் அவளுக்கு இயல்பாகவே எழுந்திருத்தல் கூடும். நெப்ரிஹா வாய்திறக்குமுன் அருகிலிருந்த ஆவிலா மேற்றிராணியார் விடைபகர்ந்தார். அரசி பல நாடுகளையும் வேற்றுமொழி பேசும் மக்களையும் வென்று தன்னடிப்படுத்துங் காலை, தோற்றவர் வென்றவரின் சட்டங்களை ஏற்றல் வேண்டும்; அச்சட்டங்களோடு வென்றவரின் மொழியையுங் கற்றல் வேண்டும்; அதற்கு இந்நூல் உதவும் என்பது அவர் கூறிய விடையின் சாரம். மொழி என்றும் பேரரசின் துணையாக வந்துள்ளது என்னும் கருத்தை நெப்ரிஹாவும் அம்முன்னுரையில் வலியுறுத்துகின்றார். ஆகவே, ஸ்பானிய மொழியைப் பிறர் கற்பதன் பயன் கீழ்ப்படிதலே என்பது 1492ஆம் ஆண்டின் விடை.

இவ்விடை முற்றும் பொய்த்தது எனக் கூறுதல் இயலாது. சட்டமும் சமயமும் வரியும் அம்மொழியின் வாயிலாகவே அமெரிக்கக் கண்டத்தில் நிலைபெற்றன. எனினும் மேற்றிராணியார் எண்ணாதது ஒன்றுண்டு. வென்றோர் மொழியைக் கற்ற மக்கள் அதனை ஆணை கேட்குஞ் செவியாக மட்டுங் கொண்டாரல்லர். தம் வழக்கை எடுத்துரைக்கும் நாவாகவும் கொண்டனர். நூற்றாண்டுகள் பல கழிந்தபின் அம்மொழியைக் கற்ற அயல்நாட்டாரோ, அதன் துணையால் தோற்றோரின் குரலைக் கேட்கும் பேறு பெற்றனர். இவ்விரு பயன்களுக்கும் சான்றுகள் பல.

முதலில் மெக்சிக்கோவை நோக்குவோம். 1519ஆம் ஆண்டில் கோர்த்தேஸ் அந்நாட்டில் இறங்கியபோது அவன் கூறியதை ஆஸ்தெக்கு மன்னன் அறிய இருவர் துணை வேண்டியிருந்தது. கப்பலுடைந்து மாயா மக்களிடையே எட்டாண்டு வாழ்ந்த அகிலார் என்பவன் ஸ்பானிய மொழியை மாயா மொழியாக்குவான். மலின்சின் என்னும் மங்கை அதனை நாவத்தல் மொழியிற் பெயர்த்துரைப்பாள். அடிமையாகக் கையளிக்கப்பட்ட அம்மங்கை சின்னாளில் ஸ்பானிய மொழியையும் கற்றுக்கொண்டாள். அதன்பின் அகிலாரின் துணை தேவைப்படவில்லை. அவள் செயலைப் போற்றுவாரும் தூற்றுவாரும் உளர். அம்முடிபு எவ்வாறாயினும், படையும் பொருளும் இல்லாத ஒருத்தியை மொழியறிவு வரலாற்றின் நடுவே நிறுத்தியது என்பது மறுக்கொணாத உண்மை.

வெற்றியின் பின்னர், 1536ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், மெக்சிக்கோ நகரின் ஒரு பகுதியாகிய த்லத்தெலொல்கோவில் திருச்சிலுவைக் கல்லூரி என ஒரு கல்லூரி திறக்கப்பட்டது. நாவத்தல் மொழி பேசும் பெருங்குடிப் பிள்ளைகள் அங்கு இலத்தீனும் ஸ்பானியமும் பயின்றனர். தம் தாய்மொழியை ஐரோப்பிய எழுத்தில் எழுதவும் பழகினர். அவர்களுக்கு ஆசிரியராயிருந்தவர் சகாகூன் என்னும் பிரான்சிஸ்க சபைத் துறவியார். அம்மக்களின் தெய்வங்கள், விழாக்கள், மருந்து மூலிகைகள், வணிகம், பறவை விலங்குகள் ஆகிய யாவற்றையும் முதியோர் வாய்க் கேட்டு எழுதும் பெருமுயற்சியில் அவர் ஈடுபட்டார். கேட்டவரும் எழுதியவரும் பெரும்பாலும் அவரின் மாணவரே. அந்தோனியோ வலெரியானோ முதலிய மாணவரின் பெயர்களைத் துறவியாரே நூலுட் குறித்துவைத்துள்ளார். ஒரு பத்தியில் நாவத்தல், மறுபத்தியில் ஸ்பானியம் என 12 புத்தகங்களாக, ஈராயிரத்துக்கு மேற்பட்ட ஓவியங்களோடு, 1577ஆம் ஆண்டளவில் அந்நூல் நிறைவெய்தியது. இடையே 1576ஆம் ஆண்டிற் பெருங்கொள்ளைநோய் ஒன்று மெக்சிக்கோ எங்கும் பரவியது. சாவின் நடுவேயும் எழுத்துப்பணி நிற்கவில்லை. 1577இல் இரண்டாம் பிலிப்பு மன்னன் அவ்வெழுத்துக்களைப் பறித்தனுப்புமாறு கட்டளையிட்டான். அந்நூல் இன்று இத்தாலியில் பிளோரன்ஸ் நகர நூல்நிலையம் ஒன்றிற் பேணப்படுகின்றது. அதன் 12ஆம் புத்தகம் மெக்சிக்கோவின் வீழ்ச்சியைத் தோற்றவர் கண்கொண்டு கூறுவது. ஒரு கல்லூரியின் மாணவர் ஒரு நாகரிகத்தின் நினைவையே காத்தனர் என்பது கல்லூரிகளிற் பணிபுரிவார் எண்ணி மகிழ்தற்குரிய செய்தியாகும்.

இனித் தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாட்டை நோக்குவோம். 1539ஆம் ஆண்டில் கூஸ்கோ நகரில் ஸ்பானியப் படைத்தலைவன் ஒருவனுக்கும் இன்கா அரசகுலப் பெண்ணொருத்திக்கும் மகனாகத் தோன்றியவர் கார்சிலாசோ தே லா வேகா. தாய்ப்பாலோடு கெச்சுவா மொழியை உண்டவர். தந்தையின் மொழியாக ஸ்பானியத்தைக் கற்றவர். 1560இல் ஸ்பானியாவுக்குச் சென்ற அவர் முதுமையில் எழுதிய இன்கா அரச வரலாறு 1609ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரில் அச்சாகியது. தமக்கு முன் எழுதிய ஸ்பானிய ஆசிரியர்கள் கெச்சுவா மொழி அறியாமையாற் பலவிடங்களில் பிழைபட்டனர் என அவர் அந்நூலில் எடுத்துக்காட்டினார். பெரு என்னும் பெயரே அத்தகைய பிழையால் வந்தது என்பது அவர் கூற்று. கடற்கரையிற் பிடிபட்ட ஒருவனை நோக்கி இந்நாட்டின் பெயர் யாது என ஸ்பானியர் வினாவினராம். வினா விளங்காத அவன் தன் பெயரையும், தான் நின்றவிடம் ஆறு என்பதையும் கூறினானாம். அச்சொற்களே நாட்டின் பெயராகத் திரிந்தனவாம். இக்கதையின் மெய்ம்மை எத்தகையதாயினும் அதன் படிப்பினை தெளிவானது. தாய்மொழியறிவும் அயல்மொழியறிவும் ஒருவனிடத்தே ஒருங்கு அமைந்தபோதுதான் பிறர் செய்த பிழையை அவர் மொழியிலேயே திருத்துதல் இயல்வதாயிற்று. 1780ஆம் ஆண்டில் துப்பாக் அமாரு என்பான் பெருவிற் கிளர்ந்தெழுந்து அடக்கப்பட்டபின், ஆட்சியாளர் கார்சிலாசோவின் நூலை அந்நாட்டில் தடைசெய்தனர். நூலாசிரியர் இறந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்கழிந்தும் அந்நூல் அவர்களை அஞ்சச் செய்தது.

கார்சிலாசோ காலத்தவரே குவாமன் போமா. இவர் பெருவின் மலைநாட்டார்; ஸ்பானிய அதிகாரிகளுக்கு மொழிபெயர்ப்பாளராயுமிருந்தவர். ஊரூராகச் சென்று சுரங்க வேலையிலும் வரிக்கொடுமையிலும் தம் மக்கள் படும் இன்னலைக் கண்ட இவர், அவற்றை ஸ்பானிய மன்னன் மூன்றாம் பிலிப்புக்கு முறையிட எண்ணினார். அம்முறையீடு ஏறத்தாழ 1,200 பக்கங் கொண்ட பெருநூலாக 1615ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது. அதில் அவர் தாமே வரைந்த ஓவியங்கள் 398. அவர் எழுதிய ஸ்பானியம் இலக்கணச் செம்மை வாய்ந்ததன்று. கெச்சுவாச் சொற்களும் அம்மொழியின் நடையும் அதில் விரவிக் கிடக்கின்றன. இருப்பினும், மன்னன் வினாவத் தாம் விடை கூறுவதாகவே ஒரு பகுதியை அமைத்து, நல்லாட்சி எவ்வாறிருத்தல் வேண்டும் என அவர் அறிவுரை கூறுகின்றார். சட்டத்தைக் கேட்டுப் பணிவதற்கென வகுக்கப்பட்ட மொழியில், சட்டம் இயற்றும் மன்னனுக்கே அறங்கூறத் துணிந்தவர் அவர். அந்நூல் எவ்வாறோ தென்மார்க்கு நாட்டை அடைந்து, கொப்பன்ஹேகன் நகர அரச நூல்நிலையத்தில் உறங்கிக் கிடந்தது. 1908ஆம் ஆண்டிலேதான் பீச்மன் என்னும் ஜேர்மானிய அறிஞர் அதனைக் கண்டெடுத்தார். 1936இல் பாரிசில் அதன் நிழற்படப் பதிப்பு வெளிவந்தது. முந்நூறு ஆண்டின் பின்னராயினும் அம்முறையீட்டைப் படிப்பார் கிடைத்தனர். அவர்கள் ஸ்பானியம் கற்றிருந்தமையால் அஃது இயன்றது.

தோற்றவர் யாவரும் ஸ்பானியம் கற்றல் வேண்டும் என்னும் மேற்றிராணியாரின் எண்ணம் உடனே செயற்பட்டதுமன்று. துறவியர் மக்களின் மொழிகளைத் தாமே கற்றுச் சமயம் போதித்தனர். அதனையே எளிதெனவும் கண்டனர். நாட்டு மொழிகளை ஒழித்து ஸ்பானியம் ஒன்றையே நிலைநாட்டுக என மூன்றாம் சாள்ஸ் மன்னன் ஆணையிட்டது 1770ஆம் ஆண்டிலாகும். ஸ்பானிய ஆட்சிக்குட்பட்ட ஆசிய நாடாகிய பிலிப்பைன் தீவுகளிலோ, அம்மொழியை மக்கள் கற்றல் ஆட்சியாளர் சிலருக்கே உவப்பில்லாத ஒன்றாயிற்று.

அத்தீவுகளில் 1610ஆம் ஆண்டில் தொமாஸ் பின்பின் என்னும் தகாலோகு அச்சுத்தொழிலாளர், தம் நாட்டவர் ஸ்பானியம் கற்பதற்கென ஒரு நூலைத் தகாலோகு மொழியில் எழுதி அச்சிட்டார். இரு மொழியும் மாறிமாறி வரும் பாடல்களை இடையிடையே அமைத்து, கற்பார்க்குக் களைப்புத் தோன்றாதவாறு அவர் பாடஞ் சொல்கின்றார். ஆயின் அவர் காட்டிய வழியிற் பலர் செல்ல வாய்ப்புக் கிட்டவில்லை. 1863ஆம் ஆண்டின் அரச கட்டளை ஊர்கள்தோறும் பள்ளி நிறுவி ஸ்பானியம் கற்பிக்குமாறு கூறியது. அக்கட்டளை ஏட்டளவில் நின்ற ஊர்கள் பல. மக்கள் ஆட்சிமொழியைக் கற்பாராயின் தம் செல்வாக்குக் குன்றும் எனத் துறவியருட் பலர் அஞ்சினர்.

1888ஆம் ஆண்டு திசம்பர் 12ஆம் நாள், மலோலோஸ் என்னும் ஊரைச் சேர்ந்த இளம் பெண்கள் 20 பேர், அங்கு வந்த மகாதேசாதிபதி வெய்லரிடம் ஒரு விண்ணப்பத்தைக் கையளித்தனர். தாம் ஸ்பானிய மொழி கற்றற்கு இரவுப் பள்ளியொன்று திறக்க அனுமதி வேண்டும் என்பதே அவ்விண்ணப்பம். பங்குக் குருவானவர் எதிர்த்தமையால் அது முதலில் மறுக்கப்பட்டது. அப்பெண்கள் சோர்ந்தாரல்லர், விடாது முயன்று 1889இல் அனுமதி பெற்றனர். பள்ளி சில மாதங்களே நடைபெற்றதாயினும் அச்செய்தி கடல்கடந்து சென்றது. ஐரோப்பாவிலிருந்த ஹொசே ரிசால் அவர்களின் துணிவைப் பாராட்டி 1889ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஸ்பானியம் கற்க விரும்பிய அப்பெண்களுக்கு அவர் தகாலோகு மொழியிலேயே எழுதினார் என்பது ஈண்டு நோக்கற்பாலது. தாய்மொழிப் பற்றும் அயல்மொழி வேட்கையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அக்கடிதமே சான்று.

ரிசாலின் இரு பெரும் நவீனங்களும் 1887இலும் 1891இலும் ஸ்பானிய மொழியில் வெளிவந்தன. பல தீவுகளிலும் பல மொழி பேசிய கற்றோர்க்கும், ஸ்பானிய நாட்டிலிருந்த ஆட்சியாளர்க்கும் ஒருங்கே விளங்கக்கூடிய மொழி அதுவே. தீவுகளில் நிலவிய கொடுமையை அவை வெளிப்படுத்தின, ஆட்சியாளர் சினந்தனர். 1896ஆம் ஆண்டு திசம்பர் 30ஆம் நாள் ரிசால் மணிலாவிற் சுட்டுக்கொல்லப்பட்டார். இறப்பதற்குச் சற்றுமுன் நாட்டுக்கு விடைகூறி அவர் எழுதிய கவிதையும் ஸ்பானியத்திலேயே அமைந்தது. 1899ஆம் ஆண்டு சனவரியில் பிலிப்பைன் மக்கள் தம் குடியரசுக்கு அரசியலமைப்பு ஒன்றை வகுத்தபோது அதுவும் ஸ்பானிய மொழியில் எழுதப்பட்டது. அது பிரகடனஞ் செய்யப்பட்ட ஊர், பத்தாண்டுக்கு முன் 20 பெண்கள் ஒரு பள்ளிக்காக மன்றாடிய அதே மலோலோஸ்.

ஆயின், பின்னர் அமெரிக்க ஆட்சியில் ஆங்கிலம் பரவ, ஸ்பானியம் மெல்ல மெல்ல மறைந்தது. ரிசாலின் நவீனங்களை மாணவர் கற்றல் வேண்டும் என 1956ஆம் ஆண்டில் அந்நாட்டிற் சட்டம் இயற்றப்பட்டது. மாணவரோ பெரும்பாலும் மொழிபெயர்ப்பிலேயே அவற்றைக் கற்கின்றனர். 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்போடு ஸ்பானியம் அங்கு உத்தியோக மொழியாயிருத்தலும் ஒழிந்தது. தம் நாட்டுத் தந்தையின் சொற்களைத் தாமே நேரிற் படிக்க இயலாத தலைமுறைகள் அங்கு தோன்றிவிட்டன. ஒரு மொழியைக் கற்பதன் பயனை அதனைக் கைவிட்ட பின்னர் உணர்தற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இதுகாறும் ஸ்பானியம் கற்ற ஆட்சிக்குட்பட்டோர் பெற்ற பயனைக் கண்டோம். இனி அயல்நாட்டு அறிஞர் பெற்ற பயனுக்கு ஒரு சான்று காண்போம். மெக்சிக்கோவின் தென்கிழக்கிலும் குவாத்தமாலாவிலும் வாழ்ந்த மாயா மக்கள் கல்லிலும் மடிப்புச் சுவடியிலும் சித்திர எழுத்துக்களால் தம் வரலாற்றைப் பொறித்தனர். 1562ஆம் ஆண்டில் மானி என்னும் ஊரில் தியேகோ தே லாந்தா என்னும் துறவியார் அச்சுவடிகளைப் பேயின் வேலை எனக் கருதி எரித்தார். எஞ்சியவை மிகச் சில. அவற்றைப் படிக்க அறிந்தாரும் அருகி மறைந்தனர். விந்தை யாதெனின், எரித்த அவரே 1566ஆம் ஆண்டளவில் யுக்கத்தான் நாட்டைப் பற்றி எழுதிய நூலில், மாயா எழுத்துக்கள் சிலவற்றை ஸ்பானிய நெடுங்கணக்கோடு பொருத்தி வரைந்துவைத்தமையாகும். அந்நூலின் சுருக்கப்படி ஒன்றை 1862ஆம் ஆண்டில் பிராசேர் என்னும் பிரான்சியக் குருவானவர் மத்ரித்து நகரிற் கண்டெடுத்து 1864இல் வெளியிட்டார்.

லாந்தாவின் பட்டியலைக் கொண்டு மாயா எழுத்தைப் படிக்க அறிஞர் பலர் முயன்றனர். ஒருவர்க்கும் பொருள் தோன்றவில்லை. ஆதலின் அப்பட்டியலே பயனற்றது எனப் பலர் தள்ளிவிட்டனர். 1952ஆம் ஆண்டில் யூரி குனோரசோவ் என்னும் ரஷ்ய அறிஞர் லெனின்கிராட்டிலிருந்து வெளியிட்ட கட்டுரையொன்றில் இம்முடிச்சை அவிழ்த்தார். லாந்தா நூலை ஸ்பானியத்திலிருந்து ரஷ்ய மொழிக்குப் பெயர்த்தவரும் அவரே. ஸ்பானியர் தம் எழுத்துக்களுக்குப் பெயரிட்டு வழங்குவர். ‘ப’ ஒலியெழுத்தை ‘பே’ என்பர். ‘ல்’ எழுத்தை ‘எலே’ என்பர். லாந்தா இப்பெயர்களைக் கூறி எழுதுமாறு கேட்க, அருகிலிருந்த மாயா அறிஞன் தன் செவிக்கெட்டிய ஒலியை எழுதினான். ‘பே’ என்றதும் வழியொன்றில் அடிச்சுவட்டை வரைந்தான். மாயா மொழியில் ‘பே’ என்றால் வழி. சுருக்குக் கயிற்றைக் குறிக்கும் ‘லே’ என்னும் சொல்லை எழுத்துக் கூட்டுமாறு லாந்தா முதலில் ‘எலே’ என்றார். அவன் ‘எ’, ‘லே’ என இரு குறி எழுதினான். அடுத்து ‘எ’ என்றார். ஒரு குறி எழுதினான். பின் முழுச்சொல்லாக ‘லே’ என்றார். இன்னொரு குறி எழுதினான். மூன்று சொல்லுக்கு நான்கு குறி வந்தது ஏன் என்பது ஸ்பானிய எழுத்துக்களின் பெயர் அறிந்தார்க்கே விளங்கும். அக்குறிகள் மெய்யெழுத்துக்களைக் குறித்தன அல்ல. நம் உயிர்மெய்யெழுத்துப் போல மெய்யும் உயிரும் கூடிய ஒலிகளைக் குறித்தன என்பதே குனோரசோவ் கண்ட உண்மை.

அதனைச் சுவடிகளிற் பொருத்தியும் அவர் காட்டினார். ஜேர்மனியில் திரெஸ்டன் நகரிலுள்ள மாயாச் சுவடியில் வான்கோழியின் ஓவியத்தின் மேல் இரு குறிகள் உள. முதலாவது லாந்தா பட்டியலிற் ‘கு’. வான்கோழிக்கு மாயாச் சொல் ‘குட்ஸ்’. எனவே இரண்டாங் குறி ‘ட்சு’ ஆதல் வேண்டும். நாயின் ஓவியத்தின் மேல் அதே ‘ட்சு’ முதலில் வர, அடுத்து லாந்தா பட்டியலிலுள்ள ‘லு’ வருகின்றது. நாய்க்கு மாயாச் சொல் ‘ட்சுல்’. குறியும் ஓவியமும் சொல்லும் ஒத்தன. எரிக் தொம்சன் என்னும் புகழ்பெற்ற ஆங்கில அறிஞர் இதனை இறுதிவரை ஏற்கவில்லை. 1975இல் அவர் மறைந்தபின் குனோரசோவின் முறையே ஆராய்ச்சியில் நிலைபெற்றது. அதன் பயனாக, பெயரும் அறியப்படாதிருந்த மாயா மன்னர் பலரின் பட்டமேற்பும் போரும் மறைவும் இன்று ஆண்டும் நாளும் சுட்டிப் படிக்கப்படுகின்றன.

குனோரசோவ் அக்கண்டுபிடிப்பைச் செய்தபோது மாயா நாட்டைக் கண்டவரல்லர். 1990ஆம் ஆண்டிலேதான் குவாத்தமாலாவில் அடிவைத்தார். இத்தகைய இன்னொருவர் அமெரிக்க வரலாற்றாசிரியர் பிரெஸ்கொட். கல்லூரியில் நேர்ந்த விபத்தொன்றால் ஒரு கண்ணின் ஒளியை இழந்து, மறுகண்ணும் தளர்ந்த நிலையில், 1824ஆம் ஆண்டில் அவர் ஸ்பானியம் கற்கத் தொடங்கினார். அம்மொழியின் பொருளறியாத உதவியாளர் ஒருவருக்கு உச்சரிப்பை மட்டும் பழக்கி, அவர் உரக்கப் படிக்கத் தாம் கேட்டுணர்ந்தார். 1843இல் வெளிவந்த அவரின் மெக்சிக்கோ வெற்றி வரலாறு உலகப்புகழ் எய்தியது. அவரும் மெக்சிக்கோவைக் கண்டவரல்லர், ஸ்பானியாவையும் கண்டவரல்லர். பல்கலைக்கழகங்களுக்கும் பெருநூல்நிலையங்களுக்கும் தொலைவிலிருந்து வெளிவாரியாகக் கற்கும் நம்மனோர்க்கு இவ்விருவரின் வரலாறும் ஊக்கந் தரத்தக்கது. செவில் நகரிலே 1785ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்திய நாடுகளின் ஆவணக்கூடத்தில் ஏறத்தாழ 8 கோடிப் பக்கங்கள் உள. அவற்றுட் பெரும்பகுதி அமெரிக்கா, பிலிப்பைன் ஆகியவற்றின் வரலாற்றுக்கு மூலம். மொழியறிந்து படிப்பாரை அவை இன்னும் எதிர்நோக்கிக் கிடக்கின்றன.

இச்செய்திகள் நம் நாட்டுக்கும் முற்றும் அயலானவை அல்ல. 1580 தொடக்கம் 1640 வரை போர்த்துக்கல், ஸ்பானிய மன்னரின் ஆட்சியின்கீழ் இருந்தது. கார்சிலாசோவின் நூல் அச்சேறிய லிஸ்பனுக்கும், குவாமன் போமா முறையிட்ட பெருவுக்கும் மன்னன் ஒருவனே. அந்த மூன்றாம் பிலிப்பின் காலத்திலேதான், 1619ஆம் ஆண்டில், ஒலிவேறா என்னும் போர்த்துக்கேயத் தளபதி யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினான். பெருவிலிருந்து முறையீடு எழுந்து நான்கே ஆண்டின் பின் நல்லூர் அரசு வீழ்ந்தது. அக்கால நிகழ்ச்சிகளை ஆராய்வார்க்குப் போர்த்துக்கேய மொழி இன்றியமையாதது. ஸ்பானியம் கற்றவனுக்கு அதன் உடன்பிறப்பாகிய போர்த்துக்கேயத்தைப் படித்தல் அரிதன்று. குவேறோஸ் பாதிரியார் 1687ஆம் ஆண்டில் நிறைவுசெய்த இலங்கை வரலாறு 1916இல் கொழும்பில் அச்சாகியது, எஸ். ஜி. பெரேரா அடிகளாரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1930இல் வெளிவந்தது. நம்மிற் பெரும்பாலோர் அம்மொழிபெயர்ப்பின் வாயிலாகவே அக்காலத்தை அறிகின்றோம். ஒருவர் கண்கொண்டு நம் வரலாறு முழுவதையும் காணுதல் போதுமா என்பதை வரலாற்று மாணவர் சிந்தித்தல் வேண்டும். யாழ்ப்பாணத்தார் எவரேனும் வென்றோர் மொழியில் தம் குறையை எழுதிவைத்தனரா என்பதைத் தேடி அறிதற்கும் அம்மொழியறிவு வேண்டும். தேடுவார் இல்லாத சுவடி இருந்தும் இல்லாததே.

ஆகவே, இசபெல்லா அரசி வினாவிய வினாவுக்கு வரலாறு தரும் விடை இதுவாகும். ஒரு மொழி எந்நோக்கத்தோடு கற்பிக்கப்படினும், கற்றவன் அதனைத் தன் நோக்கத்துக்குப் பயன்படுத்த வல்லவன். த்லத்தெலொல்கோ மாணவர் அதனால் நினைவைக் காத்தனர். கார்சிலாசோ பிழையைத் திருத்தினார். குவாமன் போமா அறங் கூறினார். மலோலோஸ் பெண்கள் அதனை உரிமையாகக் கேட்டனர். குனோரசோவ் ஊமையாய் நின்ற கற்களைப் பேசவைத்தார். இவருட் பலர் தம் தாய்மொழியை விட்டு அயல்மொழிக்குச் சென்றாரல்லர்; தாய்மொழியிற் காலூன்றி நின்றே அயல்மொழியைக் கையிற் கொண்டனர். நம் மாணவருட் சிலரேனும் வணிகத்தையும் உத்தியோகத்தையும் கருதி இத்தகைய மொழிகளைக் கற்பாராக. அவ்வாறு கற்குங்கால், சான்றுகளை மூலத்திலேயே படித்து உண்மையை நாடும் பெரும்பயனையும் உடன் பெறுவாராக.